ஒன்பது நாற்பதுக்கு மாறிய வரி

“கடைசிப் படியில என்ன போட்டிருக்குன்னு அப்படியே படி.”

“‘பழைய கோப்பை அழிக்கவும்.’ அழிச்சேன்” என்றாள் அவள்.

போனின் மறுமுனையில் குருவி பேசவில்லை. ஓயாமல் கீச்சுக் கீச்சென்று பேசுவதால் அந்தத் தோழிக்கு வந்த பெயர் அது. அவள் வாயை மூடினாலே ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

மாலை நாலு மணிக்கு நேர்முகத் தேர்வு. கணினி விளையாட்டுகள் தயாரிக்கும் கம்பெனி. ஏற்கெனவே வெளிவந்த ஒரு விளையாட்டுக்குள் இவள் தன் கையால் ஒரு முழுத் தெருவைக் கட்டிச் சேர்த்திருந்தாள். மழை பெய்தால் வாசலில் இருக்கும் வாளி நிறையும். நாய் ஆள் பார்த்துக் குரைக்கும். இப்படி அடுத்தவர் விளையாட்டில் நம் கைவேலையைச் சேர்ப்பதற்கு ‘மாட்’ என்று பெயர். அது எத்தனை படி பால் கறக்கும் என்று அப்பா கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். இவளிடம் பட்டமும் இல்லை, சிபாரிசும் இல்லை. அந்தத் தெருவைக் காட்டித்தான் வேலை கேட்க வேண்டும். இரண்டு வருட உழைப்பு. விளையாட்டின் புதுப் பதிப்புக்குத் தெருவை மாற்றித் தரும் கருவி ஒன்று உண்டு; அதற்கான படிகளை விக்கிப் பக்கத்தில் பார்த்து இன்று காலை ஒவ்வொன்றாகச் செய்தாள்.

இப்போது திரையில் தெருவைக் காணோம். வெறும் சாம்பல் நிறத் தரை.

நகல் இருக்குமே என்று குருவி கேட்டாள். பழைய கோப்பு என்றால் நகலும் சேர்த்திதான் என்று நினைத்து அதையும் அழித்துவிட்டதை இவள் மென்று விழுங்கிச் சொன்னாள். குப்பைத்தொட்டியையும் காலி செய்தாயிற்று. எதையும் அரைகுறையாகச் செய்து இவளுக்குப் பழக்கமில்லை.

“நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்டி. விக்கிங்கறது பொதுக் கிணறு. யார் வேணா தண்ணி எடுக்கலாம், யார் வேணா கல்லும் போடலாம்.”

“ரெண்டு வருஷமா அந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறேன். ஒரு நாளும் வயித்தைக் கலக்கினதில்லையே.”

அது பொய்யில்லை. முகம் தெரியாத நூறு பேர் சேர்ந்து தமிழில் எழுதிவைத்த அந்தப் பக்கம்தான் இவளுக்குப் பள்ளிக்கூடம். எந்தக் கோப்பை எங்கே வைப்பது, கதவுக்குச் சத்தம் எப்படிக் கொடுப்பது, எல்லாம் அங்கே கற்றதுதான்.

யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாறு அந்தப் பக்கத்திலேயே இருக்கும். குருவி தன் வீட்டிலிருந்து அதைத் திறந்து பார்த்தாள்.

“இன்னிக்குக் காலையில ஒன்பது நாற்பதுக்கு யாரோ மாத்தியிருக்காங்க. அந்த ஒரு வரியை மட்டும். நேத்து வரைக்கும் பழைய கோப்பைக் கருவிக்குக் குடுக்கணும்னுதான் இருந்திருக்கு. கருவி அதை வாங்கிப் புதுசோட சேர்த்துக்கும்.”

இவள் அழித்தது சரியாகப் பத்து மணிக்கு.

முதுகில் ஈரத்துணியைப் போட்டதுபோல் இருந்தது. இன்று காலை அந்தப் படியைச் செய்யப்போவது யாருக்குத் தெரியும்? குருவிக்குத் தெரியும். அதே வேலைக்கு விண்ணப்பித்து, போன வாரமே கழற்றிவிடப்பட்டவள் குருவி. அந்த நினைப்பு வந்ததும் இவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“என்னைத்தானே நினைக்கிறே?” என்றது போன்.

“இல்லையே.”

“நினைச்சா தப்பில்லை. பேர் போடாம மாத்தினா, மாத்தினவங்க இணைப்போட நம்பர் அங்க விழும். சொல்றேன், எழுதிக்கோ.”

நேர்முகத் தேர்வுக் கடிதத்தின் பின்பக்கத்தில் இவள் எழுதிக்கொண்டாள். உள்ளூர் இணைப்பா என்று ஒத்துப் பார்க்க, இவள் வீட்டு இணைப்பின் எண்ணையும் பார்க்கச் சொன்னாள் குருவி. பார்த்தாள். முதல் மூன்று இலக்கங்கள் ஒத்துப்போயின. அடுத்த மூன்றும். கடைசி வரை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

“குருவி, இது எங்க வீட்டு நம்பர்.”

 குருவி குரலைத் தணித்து, யாரோ கணினிக்குள் புகுந்திருக்கிறார்கள், நெட் ஒயரைப் பிடுங்கு, கேமராவை மூடு என்றாள்.

ஒயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்குகள் அணைந்தன. கணினியின் நெற்றிக்கண்ணாக இருந்த கேமராவின் மேல், விரலுக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டினாள். எதிர் மாடியில் துணி உலர்த்தும் ஆள்கூட இந்தப் பக்கமே பார்ப்பதாகப் பட்டது. ஜன்னலைச் சாத்தினாள். யாரோ தோளுக்குப் பின்னால் நின்று, தான் படிக்கப்போகும் வரியை, தான் படிப்பதற்குச் சற்று முன்னால் மாற்றியிருக்கிறார்கள். அவ்வளவு வன்மம் யாருக்கு? இன்னும் என்னென்ன பார்த்தார்களோ?

கதவு தட்டப்பட்டது. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு.

அப்பாதான். அவருக்கு மதியம்தான் அச்சகத்தில் வேலை. நெட் வரவில்லை என்று சொல்ல வந்தவர், மகளின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஒன்றுமில்லை, சாயங்காலத்தை நினைத்துப் பயம் என்று அவள் மழுப்பினாள். பாவம், அவரையும் ஏன் கலவரப்படுத்த வேண்டும்?

“இதுக்கா பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?” அவர் அவள் தலையை மெல்லத் தடவிக்கொடுத்தார். “நீ குளிக்கப் போனப்போ அந்தப் பக்கத்தை ஒரு வரி விடாம படிச்சேன்மா, நல்லாத்தான் எழுதியிருக்காங்க. கடைசி வரியில மட்டும் சிறப்பு ‘ழ’ போடத் தெரியாம ‘அளிக்கவும்’னு போட்டிருந்தாங்க, முப்பது வருஷமா புரூஃப் பார்க்கிறவன் கை சும்மா இருக்குமா, ‘அழிக்கவும்’னு திருத்திட்டேன்.”