மொட்டைமாடி ஆன்டெனா

பென்னாகரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஜமீருக்கு நாற்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்தது. இப்படியே உட்கார்ந்திருந்தால் ஊசிதான் என்று டாக்டர் மிரட்டியும், கடையை விட்டுவிட்டு நடக்கப் போக முடியாது என்று ஜமீர் சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டுத் தர்மனுக்கு அதில் கவலைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவன் வந்தது படம் பார்க்க. ஜமீர் வீட்டு மாடியில் புது ஆன்டெனா முளைத்திருந்தது.

வாசலிலேயே ஜமீரின் மனைவி ஷரீபுன்னிசாவின் குரல் கேட்டது.

"ஏங்க, புள்ளி புள்ளியா வருது! பெங்களூர் பக்கம் திருப்புங்க!"

ஜமீர் மாடிக்கு ஓடித் திருப்பினார். "இப்ப?"

"ரெண்டு ரெண்டா தெரியுது. கீழ வாங்க, சொல்றேன்."

இறங்கினார்.

"இப்ப கோடு விழுது, மறுபடி போங்க."

ஏறினார்.

தர்மனுக்குப் பாவமாக இருந்தது. "பாயை இந்த ஓட்டு ஓட்டறீங்களே அக்கா! நவுருங்க, டிவிய நான் பாக்கறேன்" என்று உள்ளே நுழைந்தான்.

மேஜைமேல் ஒரு சொம்புத் தண்ணீர்தான் இருந்தது.

"டிவி எங்கக்கா?"

"வூட்டுல டிவியே இல்லீங்களே. ஆன்டெனா மட்டுந்தான்."

"பாய்க்குத் தெரியாதா?"

"வாங்கியாந்ததே அவருதான். ஒடம்புக்காகப் படி ஏறுங்கன்னா நேரமில்லம்பாரு. ரிப்பேர் வேலைன்னா எத்தன வாட்டி வேணாலும் ஏறுவாரு. சர்க்கரை கொறஞ்சிருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாருங்க."

ஜமீர் வேர்த்து ஒழுக இறங்கி வந்தார்.

"டிவியும் ஒண்ணு வாங்கிடலாமே பாய்?" என்றான் தர்மன்.

"என்ன தர்மா நீ! உக்காந்து படம் பாக்க எனக்கு எங்க நேரம்? தள்ளு, சிக்னல் போயிருக்கும்" என்று மறுபடி படியேறினார் ஜமீர்.