பங்கு போட்ட மாத்திரை



"கொடுத்த மாத்திரை எல்லாத்தையும் ஒழுங்கா சாப்பிட்டீங்களா?" டாக்டர் ஹசீனா அவளிடம் மறுபடி கேட்டார்.

உப்பளத்துக் கொட்டகைக்குள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மற்ற ஆறு பெண்களும் தூக்குவாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாளிக்குள் என்னவோ சினிமா ஓடுகிற மாதிரி.

சாப்பிட்டேன் என்றால் பொய். இல்லை என்றால் இந்த ஆறு பேரின் மானம் கப்பலேறும்.

அவளுக்கு வயிற்றில் நாலாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இதையாவது கையில் ஏந்திவிட வேண்டும் என்று ஒரு வெறி. அந்த வெறியில்தான் போன தடவை வாயைத் திறந்தாள்.

போன தடவை டாக்டர் வந்தது ஆராய்ச்சிக்காக. அளத்தில் வேலை செய்யும் பெண்களில் எத்தனை பேருக்குக் கர்ப்பப்பை வழியில் தொற்று இருக்கிறது, அது வயிற்றுப் பிள்ளையை என்ன செய்கிறது என்று பார்க்க வந்திருந்தார். வெள்ளைபடுகிறதா, எரிச்சல் உண்டா, அரிப்பு உண்டா என்று பொதுவில் வைத்துக் கேட்டார்.

"எங்க செட்டுல அந்தக் கருமாந்திரம் யாருக்கும் கிடையாது." செல்லக்கனி அக்கா அடித்துச் சொல்லிவிட்டாள். சேர்ந்து வேலை செய்யும் அந்த ஏழு பேர் செட்டுக்கு மூத்தவள் அவள். மூத்தவள் சொன்ன பிறகு மற்றவர்கள் தலையாட்டாமல் இருப்பார்களா?

அவள் மட்டும், "எனக்கு இருக்கு" என்றாள்.

பரிசோதித்தார்கள். தொற்று இருந்தது. அவளுக்கு ஒரு அட்டை, வீட்டுக்காரருக்கு ஒரு அட்டை என்று மாத்திரை கொடுத்துவிட்டு டாக்டர் போனார்.

வண்டி மறைந்ததும் செல்லக்கனி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையை மட்டும் நீட்டினாள்.

அளத்தில் ஒருத்திக்கு வந்தது எல்லாருக்கும்தான். கருவாடானாலும் சரி, கல்யாண வீட்டு லட்டானாலும் சரி. தனியாகத் தின்றவள் மறுநாள் செட்டில் முகம் கொடுத்து நிற்க முடியாது.

இன்னும் ஐந்து கைகள் நீண்டன.

அடிப்பாவிகளா, என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டாள். திட்டும்போதே பாவமாகவும் இருந்தது. ஒரே பாத்தியில் ஒரே உப்புத்தண்ணீரில் நிற்கிறவர்கள். ஒதுங்க ஒரு மறைவில்லாமல் மத்தியானம் வரை அடக்கிக்கொண்டு கிடக்கிறவர்கள். அவளுக்கு மட்டுமா எரியும்?

அட்டையைக் கிழித்துப் பங்கு போட்டாள். வீட்டுக்காரருடைய அட்டையும் அதில்தான் போனது. அவரிடம் இந்தப் பேச்சை எடுப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

இப்போது டாக்டர் கவலையோடு சொன்னார். "இன்னைக்குப் பாத்ததுல தொற்று அப்படியே இருக்கு. இந்த மருந்து கேக்கலைன்னா வேற மருந்துக்குப் போகணும். வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு அதுதான் எனக்கு யோசனையா இருக்கு."

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

மானமாவது மண்ணாவது.

"டாக்டரம்மா, மருந்து மேல பழி போடாதிய. நான் தின்னது ரெண்டோ மூணோ. மிச்சமெல்லாம் பங்கு போயிட்டு."

"பங்கா? யாருக்கு?"

அதற்கு மட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

செல்லக்கனி அக்கா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் கஞ்சி சிந்தியது.

"அவள ஏசாதிய. எனக்குத்தான் குடுத்தா. எனக்குப் பல வருசமா எரியுது. போதுமா?"

"எனக்கும்" என்றது ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் மளமளவென்று ஒரே பேச்சு. இத்தனை நாள் எங்கேதான் வைத்திருந்தார்களோ!

டாக்டர் ஹசீனா யாரையும் ஏசவில்லை. உப்பு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என் மேலதான். எல்லாரையும் வச்சுக்கிட்டு இதைக் கேட்டிருக்கக் கூடாது. ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. மருந்தைப் பங்கு போட்டா ஒருத்திக்கும் ஆறாது. இன்னைக்கே எல்லாரையும் தனித்தனியா பாக்கறேன். தொற்று இருக்கிறவங்க வீட்டுக்காரரும் சாப்பிடணும். இல்லைன்னா உங்களுக்கு ஆற ஆற அவங்ககிட்டேருந்து திரும்ப வரும்."

அளத்து வெயிலைவிட, வீட்டுக்காரரிடம் இதைச் சொல்வதுதான் அவர்களுக்குப் பெரிய கண்டம்.

"அவியளா? திம்பாவளா?" என்று யாரோ ஒருத்தி முணுமுணுத்தாள்.

ஒவ்வொருத்தியாக டாக்டரின் வண்டிக்குள் போய்ப் பரிசோதித்துக்கொண்டு வந்தார்கள். செல்லக்கனி அக்காவோடு சேர்த்து நாலு பேர் மாத்திரையோடு இறங்கினார்கள். அவளுக்கும் புதிதாக இரண்டு அட்டை.

பொழுது சாய்ந்தது. அவள் புருஷன் தட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

சோறு போட்டாள். சோற்றின் ஓரத்தில் மாத்திரையை வைத்தாள்.

"இது என்னது?"

சொன்னாள். எரிச்சலைச் சொன்னாள். போன இரண்டையும் சொன்னாள். இந்தப் பிள்ளையையும் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து கூசிக் கூசி விழுங்கிய வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. குரல் நடுங்கவேயில்லை. அவளுக்கே ஆச்சரியம்.

"எனக்கு என்ன நோவு? நான் எதுக்குத் திங்கணும்?"

அவள் குழம்பு அள்ளிய கரண்டியைச் சட்டிக்கு மேலேயே நிறுத்திக்கொண்டாள்.

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து, சுவரைத் தாண்டி, செல்லக்கனி அக்கா தன் புருஷனை அதட்டும் குரல் கணீரென்று கேட்டது.

"மொதல்ல அத முழுங்கும். பெறகுதான் கொளம்பு."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.