பூட்டோடு வந்த கவிதை

ஆபீஸ் கம்ப்யூட்டரில், மேனேஜர் மட்டுமே திறக்கக்கூடிய ஃபோல்டரில் அவர் எழுதிய காதல் கவிதை ஒன்று பத்திரமாகக் குடியிருந்தது. ஒருநாள் கைதவறி அதைப் பொது ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டுவிட்டார். கவிதை அலறியது:

“போச்சு! இனி ஆபீஸே படிச்சுச் சிரிக்கும்.”

பக்கத்திலிருந்த கேன்டீன் மெனு கேட்டது: “உன்னைக் காப்பி எடுத்தாரா, உன்னையே தூக்கிட்டு வந்தாரா?”

“என்னையேதான்.”

“அப்புறம் ஏன் அழறே? இங்கே பிறக்கிற காப்பிக்குத்தான், யாரும் திறக்கலாம்கிற இந்த வீட்டுச் சட்டம். ஒரே டிஸ்க்குக்குள்ள இடம் மாறி வந்தா, பழைய பூட்டும் கூடவே வந்துடும்.”

அதேபோல, ரிசப்ஷன் எஸ்தர் கவிதையைத் திறக்கப் பார்த்தபோது ‘அனுமதி இல்லை’ என்று வந்தது. அவள் மெனுவைத் திறந்துகொண்டாள்.

கவிதைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டது:

“ஏங்க, அந்தப் பொண்ணு இன்னொரு தடவை தட்டிப் பார்க்கவே இல்லையே?”