கடதாசி அம்மா

தீபாவளிக்காகப் பிள்ளைகள் வெட்டி ஒட்டிய கடதாசி முகங்கள், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துச் சுவர் முழுக்கத் தொங்கின.

"பிக்காசோன்னு ஒரு ஓவியர், முகத்தத் துண்டு துண்டா உடைச்சு வரைவாரு. அந்த மாதிரி அம்மா முகத்தச் செய்யச் சொன்னேன். ஒங்க மகதான் அசத்திட்டா," என்றார் புதிதாக வந்திருந்த துஷாந்தி டீச்சர்.

புஷ்பராணி மகள் செய்த முகத்தைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு கோடு சரிந்து இறங்கியது. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. வாயும் இரண்டு துண்டு.

"எம் மூஞ்சி இப்படிக் கோணலாவாடி இருக்கு?" என்று சிரித்தாள்.

தனுஜாவின் முகம் வாடியது. "நான் அந்த ஓவியர மாதிரி செய்யல டீச்சர். அம்மாவ மாதிரியேதான் செஞ்சேன்."

டீச்சருக்கு விளங்கவில்லை. தனுஜாவின் அப்பா ஜெயகுமார் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துக் காட்டினான். கண்ணாடி மேலிருந்து கீழே சரிவாக வெடித்திருந்தது.

"இவ நடக்கப் பழகுறப்பவே அவ வேலைக்குக் குவைத் போயிட்டா டீச்சர். இன்னைக்குக் காலையிலதான் வந்தா. புள்ள நேத்து வரைக்கும் அம்மாவப் பார்த்ததெல்லாம் இதுலதான்."

புஷ்பராணி அப்படியே மகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். தனுஜா ஒற்றை விரலால் அவள் நெற்றியிலிருந்து தாடை வரை மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.

"கோடு இல்லம்மா," என்றாள்.