ஒற்றைக் கை ஸ்டியரிங்

புதுக் கார் வாங்கியபோது கூடுதல் வசதி ஒன்றுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார் மயில்சாமி. எல்லாமே காருக்குள் ஏற்கெனவே இருந்தன. பணம் கட்டினால் திறந்துவிடுவார்கள்.

ஆறாவது மாதம் திரையில் தினமும் ஒரே விளம்பரம் வந்தது: 'வலக் கையால் மட்டும் ஓட்ட, ஸ்டியரிங் துணை வேண்டுமா?' அதே வாரம் ஸ்டியரிங் கனக்கவும் தொடங்கியது.

"பாத்தியா சுகந்தி? அவனுங்களே இறுக்கி வெச்சுட்டு நம்மகிட்டயே விக்கறானுங்க," என்றார் மனைவியிடம்.

"போட்டுத்தான் பாருங்களேன்."

"ஏமாத்தறவனுக்கு நானே காசு குடுக்கறதா?"

மோசடியை நிரூபிக்க மச்சானின் இருபது வருடப் பழைய காரை இரவல் வாங்கி ஓட்டினார். அதில் திரையே கிடையாது. பொள்ளாச்சி சாலையின் முதல் வளைவிலேயே இடக் கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

நரம்பு தேய்ந்துவிட்டது, சில மாதங்களுக்கு முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

சுகந்தி கார் கம்பெனிக்குப் போன் செய்தாள். "உங்க காருக்கு அப்பவே தெரிஞ்சிருக்குதுங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"உடல்நல எச்சரிக்கை தனி ஆப்ஷன் மேடம். சார் அதை வேண்டாம்னுட்டார்."

அவள் போனை வைக்கப் போனாள். மயில்சாமி வலக் கையால் அவள் தோளைத் தொட்டார்.

"நீ உக்கார்ற சீட்டுக்கு உன்னைப் பத்தி என்ன தெரியும்னு கேளு."