கம்பெனிக்கு வந்த ஆப்பிள்

விருந்துக்காக ஒயின் ஊத்தி, பழம் நறுக்கிப் போட்ட கண்ணாடிச் சட்டி ஒண்ணு காலையிலயிருந்து ஃப்ரிட்ஜுக்குள்ள குளுந்துக்கிட்டு இருந்துச்சு.

"நான் குடிக்க மாட்டேன்னு எங்க மரத்துக்கிட்ட சத்தியம் பண்ணிருக்கேன். சும்மா கம்பெனிக்குத்தான் வந்தேன்"னு சொல்லுச்சு ஆப்பிள் துண்டு.

"சரிங்க சாமி"ன்னு சொல்லுச்சு அன்னாசித் துண்டு.

சாயங்காலம் ஆப்பிள் செவந்து ஊறிப்போய் அன்னாசி மேல சாஞ்சுக்கிட்டு பாடுச்சு.

"சத்தியம் என்னாச்சு சாமி?"

"அது அசையாம நிக்குது மச்சான். நான்தான் லேசா ஆடுறேன்."

விருந்துல சவரிமுத்து பெரியப்பா கிளாஸைத் தள்ளி வெச்சாரு. "நமக்கு அந்தப் பழக்கமே கிடையாது. பழம் மட்டும் போடுங்க."

கரண்டியில ஏறுன ஆப்பிளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "பாத்தியா மச்சான், நம்ம கொள்கைக்காரரு!"

நாலு கிண்ணம் பழம் தின்னுட்டு, பெரியப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஆட எறங்குனாரு. குடிச்சவன் ஒருத்தனாலயும் அவருக்கு ஈடுகொடுக்க முடியல.