நான்காம் கொட்டகை

தென்கொரியாவின் ஹோங்சொங் ஊர்ப் பன்றிப் பண்ணையில் தரவுப் பகுப்பாய்வுப் பயிற்சியை முதலில் முடித்தவள் கியூரி. ஓராண்டுப் பதிவுகளை அலசி மேலாளரிடம் காட்டினாள்.

"நாலாம் கொட்டகையிலதான் குட்டிங்க அதிகமா சாகுது சார். மத்ததைவிட மூணு மடங்கு."

"அங்க வோல்சுன்தானே பாக்குது?"

கியூரி தயங்கினாள். தினமும் அவளுக்கும் சேர்த்துக் கிம்ச்சி ஊறுகாய் கொண்டுவருபவள் வோல்சுன்.

"ஆமா சார்."

மறுநாளே வோல்சுனின் வேலை போயிற்று. அவள் யாரையும் குறை சொல்லவில்லை.

"குட்டிங்க செத்தது நெஜந்தானே, கண்ணு," என்று கியூரியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த மாதம் நாலாம் கொட்டகையில் சாவு குறைந்தது. மற்ற மூன்றிலும் பல மடங்கு கூடியது. கியூரி பதறிப்போய், முதல் கொட்டகையைப் பார்க்கும் தோக்மானிடம் ஓடினாள்.

"என்ன நோய்ண்ணே?"

"நோயெல்லாம் இல்ல. தேறாதுன்னு தோணுற குட்டியையெல்லாம் நாங்க வோல்சுன் அக்காகிட்டதான் அனுப்புவோம். ராவும் பகலும் பால் புகட்டி, பாதியையாவது பொழைக்க வெச்சிரும். இப்ப யாருகிட்ட அனுப்புறது?"

"பதிவுல அப்படி ஒண்ணுமே இல்லையேண்ணே."

"எங்க செத்துச்சுன்னுதானே எழுதச் சொன்னீங்க," என்றான் தோக்மான். "எங்கேருந்து வந்துச்சுன்னு யாரு கேட்டா?"